எல்டன்புரூக் இன்னும் திறக்கவில்லை

அக்டோபர் 27

டைரி எழுதுகிற ஆள் இல்லை நான். ஆர்க்கிடெக்ட் மிருணாளினி மாதம் இரண்டு முறைதான் சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறி வருகிறாள். இடையில் இந்த எல்டன்புரூக் ஓட்டலில் என்ன வேலை நடந்தது, என்ன நடக்கவில்லை என்று தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

இன்று நடந்தது: மழை. பெயிண்டர்கள் வரவில்லை. மேல்மாடிக் குளியல் தொட்டியை நான்கு பேர் தூக்கிக்கொண்டு போய்த் தவறான குளியலறையில் வைத்துவிட்டார்கள். வார்ப்பிரும்பு. சிங்கக்கால் வைத்தது. வெள்ளைக்காரர்கள் இதில் குளித்தார்களா, யானையைக் குளிப்பாட்டினார்களா தெரியவில்லை. நாளை அதை மறுபடியும் தூக்க வேண்டும்.

திறப்பு விழா கார்த்திகைக் கடைசியில். மாமா நாள் பார்த்துவிட்டார். கிரகப்பிரவேசம் போலவே ஹோமம் வைத்துத் திறக்க வேண்டுமாம். அத்தை தவறிப்போனதால் மாமா மணையில் உட்கார முடியாது. என் கணவரும் நானும்தான் தம்பதியாக உட்கார வேண்டும். பெங்களூரில் கம்பெனியில் லீவு சொல்லி வைத்திருக்கிறாராம். ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடுவார்.

அக்டோபர் 28

தொட்டி சரியான அறைக்குப் போயிற்று. கதவு வழியாக நுழையவில்லை. நிலையைக் கழற்றினோம்.

நவம்பர் 6

அறைகளில் வைக்க ஓட்டலின் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னாள் மிருணாளினி. பத்தாண்டுகள் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தேனாம், எனக்கு வருமாம். இப்படி ஆரம்பித்தேன்:

'விக்டோரியா மகாராணி காலத்தில், ஹாரியட் பெல் என்ற சீமாட்டி இந்த ஏரிக்கரையில் எல்டன்புரூக்கைக் கட்டினார். மதுரை வெயிலுக்குப் பயந்து மலையேறிய பாதிரிமார்களும், தேயிலைத் தோட்டத் துரைகளும் இங்கே வந்து தங்கினார்கள். ஏரியைப் பார்த்த வளைவு ஜன்னல்கள், மரத்தில் பூவேலை செய்த கூரை விளிம்பு, அறைக்கு அறை குளிர்காயக் கணப்பு என்று பார்த்துப் பார்த்துக் கட்டப்பட்டது.'

பிறகு கன்னிமாடத்தின் ஓய்வில்லமாக இருந்தது, சினிமாக்காரர்கள் பாட்டு எடுத்தது, கடைசியில் பூட்டிப்போட்டு முள்ளம்பன்றி குடியிருந்தது எல்லாம் எழுதினேன். மூன்று வருடத்துக்கு முன் வத்தலக்குண்டு எண்ணெய் மண்டி தர்மலிங்கம், அதாவது என் மாமனார், வாங்கினார் என்று முடித்தேன். முள்ளம்பன்றியை எடுத்துவிடச் சொன்னார் மாமா. சினிமாவைப் பெரிதாகப் போடச் சொன்னார்.

மிருணாளினிக்கு ஒரு குறை. ஹாரியட் அம்மாவின் புருஷன் சிலோனுக்குப் போய்த் திரும்பவே இல்லையாம். அந்தம்மா தினமும் சாயங்காலம் அந்த வளைவு ஜன்னலில் நின்று ஏரியைப் பார்த்தபடி காத்திருந்தார் என்று சேர்க்கச் சொன்னாள். விருந்தினர்களுக்குப் பிடிக்குமாம். நான் சேர்க்கவில்லை. விருந்தாளிகளை வைத்து ஓட்டல் நடத்தும் பெண்பிள்ளைக்கு ஜன்னலில் நிற்க எங்கே நேரம்? சாயங்காலம்தான் விறகு வரும், பால் கணக்கு வரும், மேல் அறையில் வெந்நீர் வரவில்லை என்று ஒருவர் இறங்கி வருவார்.

நவம்பர் 8

அவர் போன் செய்தார். அவருடைய படிப்புச் சான்றிதழ்களையும் பீரோவில் உள்ள நல்ல சட்டைகளையும் கூரியரில் அனுப்பச் சொன்னார். கம்பெனியில் கேட்கிறார்களாம். சட்டையை எந்தக் கம்பெனி கேட்கும் என்று தோன்றியது. கேட்கவில்லை. வத்தலக்குண்டு வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 20

திறக்க மூன்று வாரம்கூட இல்லை. இன்று மாமா காரை விட்டு இறங்கியதும் நேராகப் பெரிய ஹாலுக்குப் போனார். ஹாலின் மூலையில் உள்ள கணப்பைத்தான் மிருணாளினி இந்த ஓட்டலின் கிரீடம் என்பாள். கறுப்புச் சலவைக்கல், இரண்டு பக்கமும் திராட்சைக் கொடி. மாமா அதன் முன்னால் நின்று, தீர்ப்புச் சொல்லப் போகிறவர் மாதிரி மீசையைத் தடவினார்.

"ஆத்தா, இது ஈசானிய மூலையில்ல?"

"ஆமா மாமா."

"ஈசானியத்துல அடுப்பு எரியலாமா? வாஸ்து பாக்குற நிலக்கோட்டை அருணகிரி பாத்துட்டு ஒரே சத்தம். தண்ணி இருக்க வேண்டிய எடத்துல தீ இருக்கு, குடும்பம் வெளங்காதுங்கிறாரு. செங்கல் வச்சு அடைச்சிரு."

"வெள்ளைக்காரன் கட்டுனது மாமா. எல்லா ரூம்லயும் எல்லா மூலையிலயும் அடுப்புதான் வச்சிருக்கான்."

"அதான் போயிட்டான்" என்றார் மாமா.

மேஸ்திரி ஒச்சப்பன் சிமெண்டு குழைக்க ஆரம்பித்துவிட்டான்.

நவம்பர் 24

மிருணாளினி வந்தாள். அடைத்ததைப் பார்த்து அழுதேவிட்டாள். இடி என்றாள்.

ஒச்சப்பனுக்கு வருத்தமே இல்லை. "அய்யா சொன்னா கட்டுறேன், அந்தப் பாப்பா சொன்னா இடிக்கிறேன். எனக்கு ரெண்டும் வேலைதான தாயி" என்றான். இடித்ததில் சலவைக்கல்லின் ஓரம் உடைந்துவிட்டது. அதே கல் ராஜஸ்தானிலிருந்து வர வேண்டும். கார்த்திகை போயிற்று. மார்கழி ஆகாது. இனித் தைதான்.

அவருக்குச் சொன்னேன். "பரவால்ல, நிதானமா பண்ணுங்க. நீயும் அங்க நல்லாத்தான இருக்க" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார்.

டிசம்பர் 15

பனி. விரித்துப் போட்ட படுக்கை விரிப்புகள் காயவே இல்லை. மொத்தத்தையும் சமையலறையில் கயிறு கட்டிப் போட்டேன். ரசம் வாசனையில் தூங்கப் போகிறார்கள் விருந்தாளிகள்.

டிசம்பர் 27

பின்பக்கக் கொட்டகையில் சுருட்டி வைத்திருந்த பழைய மணிக் கயிறுகளை மாட்டினோம். அறையில் ஒருவர் இழுத்தால் சமையலறைச் சுவரில் வரிசையாக இருக்கும் மணிகளில் அந்த அறையின் மணி மட்டும் அடிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். உண்மையிலேயே அழகு. ஏழு மாதக் களைப்பும் கொஞ்ச நேரம் மறந்துபோய், நானே மாடிக்கும் கீழுக்கும் ஓடி ஓடி இழுத்துப் பார்த்தேன். ஒச்சப்பனின் மனைவி பேச்சியம்மாள் சமையலறையில் இருந்தாள். "கூப்புட்டீகளா, கூப்புட்டீகளா" என்று ஒவ்வொரு மணிக்கும் கத்திக்கொண்டிருந்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் அவரிடம் சொல்லலாம் என்று போன் செய்தேன். பின்னால் ஒரு குழந்தை 'அப்பா' என்று கூப்பிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றார். நான் கேட்கவே இல்லை. மணியைப் பற்றிச் சொன்னேன். ம், ம் என்றார்.

ஜனவரி 16

பொங்கலுக்கு வத்தலக்குண்டு போய் வந்தேன். அவர் வரவில்லை. ஆடிட்டாம். மாமாவின் தம்பி, எங்கள் சின்ன மாமனார், மனைவியோடு வந்திருந்தார். பாத்திரம் துலக்கும்போது சின்னத்தை என் காதருகே வந்து, "குணாவை ஓசூர்ப் பக்கம் ஒரு கோயில்ல எங்க மாப்பிள்ள பாத்துருக்காரு. தோள்ல ஒரு பிள்ளைய வச்சிருந்தானாம்" என்றாள்.

"திருவிழாக் கூட்டமா இருந்திருக்கும் சின்னத்தை. யார் பிள்ளையவாவது தூக்கிக் காட்டியிருப்பாரு."

"ஆமா, ஆமா. இருக்கும்" என்றாள். பிறகு, நான் கேட்காமலே மீதிப் பாத்திரத்தை எல்லாம் அவளே துலக்கினாள். அவள் பாத்திரம் துலக்கி நான் பார்த்ததில்லை.

மலைக்குத் திரும்பியதும்தான் மூச்சு வந்தது.

ஜனவரி 22

கல் வந்தது. பொருத்தியாயிற்று. தையிலேயே திறக்கலாம். மாமாவுக்குப் போனில் சொன்னேன். "அப்படியா, சந்தோசம்" என்றார். சந்தோஷமாக இல்லை அந்தக் குரல்.

ஜனவரி 24

மாமா வந்தார். வராந்தாத் தரையைப் பார்த்தார். இங்கிலாந்துக்காரர்கள் போட்ட பழைய பூ ஓடுகள், உடைந்த இடத்தில் மட்டும் காரைக்குடியிலிருந்து அதே மாதிரி செய்து வாங்கிப் போட்டது. கறுப்பு இவ்வளவு இருக்கலாமா என்று அருணகிரி கேட்டாராம். வாசலில் கறுப்பு சனியை வரவேற்கிற மாதிரியாம்.

"போன வருசமே போட்டது மாமா. அப்ப ஏன் சொல்லல?"

"அப்ப அவரு பாக்கலையே ஆத்தா."

வராந்தா முழுக்கப் பெயர்க்க வேண்டும். ஓடு செய்து வர இரண்டு மாதம். தை போயிற்று. மாசி ஆகாது, பங்குனி ஆகாது. பஞ்சாங்கம் போட்டவர்கள் ஓட்டல் நடத்தியதில்லை போல.

மிருணாளினிக்குப் போனில் சொன்னபோது, "வசு, நீ ஏன் உங்க மாமனாரோட சண்டையே போட மாட்டேங்கிற? ஒரு தடவை முடியாதுன்னு சொல்லு" என்றாள். அலுப்பாக இருக்கிறது என்றேன். அது உண்மைதான்.

பிப்ரவரி 11

தூசி. இருமல். வேறு ஒன்றுமில்லை.

மார்ச் 3

ஹாலில் கணப்பை மூட்டிப் பார்த்தோம். ஈசானியமாவது ஒன்றாவது, குளிருக்கு அது தெரியுமா? புகை மேலே போகாமல் ஹாலுக்குள் வந்தது. புகைபோக்கிக்குள் ஒரு பெரிய தேன்கூடு. அத்தனை பேரும் ஏரிப் பக்கம் ஓடினோம். ஒச்சப்பனுக்கு உதடு வீங்கிவிட்டது. பேச்சியம்மாள் அவனைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தவுடன் சிரிப்பு நின்றுவிட்டது.

மார்ச் 19

அவர் ஆதார் அட்டையில் முகவரி மாற்றிவிட்டாராம். சிலிண்டர் வாங்கச் சுலபமாம்.

தனியாக இருப்பவர், மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்.

ஏப்ரல் 2

சுவிட்சுகள் வாங்க வத்தலக்குண்டுக்கு இறங்கினேன். கடையில் அருணகிரி நின்றிருந்தார். கையில் ஊன்றுகோல். வணக்கம் சொல்லி, வராந்தா ஓடு வந்துவிட்டது, கறுப்பே இல்லாமல் போட்டாயிற்று, இனியாவது வந்து ஒரு தடவை பார்த்துவிட்டு நல்லது என்று சொல்லுங்கள் என்றேன். கொஞ்சம் சுள்ளென்றுதான் சொன்னேன்.

அவர் விழித்தார். "எந்த வராந்தாம்மா?"

"எங்க ஓட்டல்தான். ஏரிக்கரையில. நீங்கதான அடுப்ப அடைக்கச் சொன்னீங்க?"

"நான் மலையேறி நாலு வருசம் ஆச்சும்மா. முட்டி ரெண்டும் போச்சு. தர்மலிங்கம் ஓட்டல் வாங்கிருக்காருன்னு தெரியும். எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாதே" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் சுவிட்சுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் கோபம் வந்தது. டம்டம் பாறை வளைவு வருவதற்குள் கோபம் போய்விட்டது.

மாமா ஓட்டலில்தான் இருந்தார். புது வராந்தாவில் நாற்காலி போட்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஏரியில் படகுகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

"அருணகிரியப் பாத்தேன் மாமா."

"நல்லாருக்காரா?"

"முட்டி வலியாம். மலையேறி நாலு வருசமாச்சாம்."

மாமா உரித்த சுளையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஓட்டல் முடிஞ்சா மணையில ஒக்காரணும்" என்றார் கடைசியில். "அன்னைக்கு அவன் வரலேன்னா ஊருக்கே தெரிஞ்சு போயிரும். அப்புறம் நீ எங்க போவ? ஒங்க அண்ணன் வீட்டுக்கா? வேலை நடந்துக்கிட்டு இருந்தா, மருமக மலையில ஓட்டலப் பாக்குறா, அவன் பெங்களூர்ல இருக்கான்னு சொல்லிக்கிரலாம். அதுக்குள்ள புத்தி வந்து திரும்பிருவான்னு நெனச்சேன் தாயி. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் நெனச்சேன்."

"அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு மாமா?"

நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்குத் தெரியுமா?"

"ரெண்டு இருக்குமா?"

"மூணு முடிஞ்சிருச்சு. பொம்பளப் பிள்ளை." கொஞ்சம் பொறுத்து, "போட்டோ காட்டுனான். பாக்க மாட்டேன்னுட்டேன்" என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "பாத்தேன்" என்றார்.

எனக்குத் தெரியும். போன வைகாசியிலிருந்தே தெரியும். தெரிந்துதான் மலையேறினேன். இந்த டைரியில்கூட எழுதவில்லை. எழுதிவிட்டால் உண்மையாகிவிடும் என்று ஒரு பயம். அந்தச் சுவரைக் கட்டி இடித்தபோதும், வராந்தாவைப் பெயர்த்தபோதும் எனக்கு ஆத்திரமாக வந்தது. உள்ளே ஒரு மூலையில் அப்பாடா என்றும் இருந்தது. மிருணாளினி சொன்ன மாதிரி ஒரு தடவைகூட நான் முடியாது என்று சொல்லவில்லை. மாமா தள்ளிப்போட்டார், நான் தள்ளிப்போட விட்டேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து நல்ல ஓடுகளை எல்லாம் பெயர்த்து எறிந்திருக்கிறோம்.

"நாள் பாருங்க மாமா. சித்திரையிலேயே" என்றேன். "எனக்கு அலுத்துப்போச்சு."

"மணையில யாரு தாயி?"

"தெரியல. நாளப் பாருங்க."

ஏப்ரல் 10

சித்திரை பதினொன்று. இருபத்துநான்காம் தேதி, வெள்ளிக்கிழமை. அவருக்கு நான் சொல்லவில்லை. மாமாவும் சொல்லவில்லை என்றார்.

மாமா வக்கீல் ஒருவரைக் கூட்டிவந்து என்னிடம் கையெழுத்துகள் வாங்கினார். ஓட்டல் இனி என் பெயரில்தானாம். நான் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மேல் அறையில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு அதைப் பார்க்கப் போனேன்.

ஏப்ரல் 24

நேற்றைக்கு எழுத முடியவில்லை. இரண்டு நாளையும் சேர்த்து எழுதுகிறேன்.

நேற்று மதியத்திலிருந்தே சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லாரையும் பக்கத்து லாட்ஜில் தங்க வைத்தோம். எல்டன்புரூக்கில் பால் காய்ச்சும் முன் யாரும் படுக்கக் கூடாது என்று குருக்கள் சொல்லியிருந்தார். அறைகளெல்லாம் விரித்து, மடித்து, பூ வைத்துக் காலியாக இருந்தன. வரவேற்பு மேசைக்குப் பின்னால் பலகையில் எல்லாச் சாவிகளும் தொங்கின. நான் அங்கே நின்று வெற்றிலைத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறரை மணி போல் கார் வந்தது. அவர் இறங்கினார். பட்டுச் சட்டை, பட்டு வேட்டி. ஒரு சின்னப் பெட்டி. சின்ன மாமனார் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டார். அவர்தான் சொல்லி வரவழைத்திருக்கிறார் என்று புரிந்தது. குருக்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "தம்பதி சமேதரா ஆயிருத்து, இனி ஒரு குறையும் இல்ல" என்றார். சின்னத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் மேசைக்கு அருகே வந்தார். கொஞ்சம் தடித்திருந்தார். காதோரம் நரைத்திருந்தது.

"எப்படி இருக்க வசு? ரொம்ப நல்லா பண்ணியிருக்க" என்று சுற்றிலும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சித்தப்பா சொன்னாரு, ஊரே வருது, நான் இல்லேன்னா ஒனக்குத்தான் அசிங்கம்னு. காலையில ஒக்காந்துட்டு மத்தியானம் கெளம்பிருவேன். ஒனக்கும் ஒரு மரியாதையா இருக்கும்."

பொய் எழுதக்கூடாது. ஒரு நிமிடம் ஆசையாக இருந்தது. காலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மாலை மாற்றி, போட்டோ எடுத்து, ஊர் வாயை அடைத்துவிட்டு, மறுபடியும் அவர் ஆடிட்டுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம். எனக்கு அது நன்றாகப் பழகிவிட்டது. தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

மாமா படியிறங்கி வந்தார். மகனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்னைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"தங்க எடம் இல்லப்பா" என்றார். "ரூமெல்லாம் நெறஞ்சிருச்சு."

"என்னப்பா வெளையாடுறீங்க? இன்னும் தொறக்கவே இல்ல."

"என்னைய ஏன் கேக்குற? ஓட்டல் இப்ப அவளோடது. அவளக் கேளு."

அவர் என் பக்கம் திரும்பினார். ஹாலில் இருந்த எல்லாருமே திரும்பினார்கள். என் தலைக்குப் பின்னால் சாவிகள் ஒன்றுகூடக் குறையாமல் தொங்கிக்கொண்டிருந்தன. ஒருவரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

"ஆமாங்க" என்றேன். "எல்லாம் நெறஞ்சிருச்சு. காலையில ஒக்காரவும் எடம் இல்ல."

அவர் சின்ன மாமனார் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். கார் ஏரியைச் சுற்றிப் போகும் வரை விளக்கு தெரிந்தது. சின்னத்தை வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கி மேசைமேல் வைத்தாள். அதைத் துடைத்துத் துடைத்து மெருகே போயிருந்தது.

இன்று காலையில் குருக்கள் தயங்கித் தயங்கி, "ஒத்தையா சங்கல்பம் பண்றது வழக்கமில்லையே" என்றார். "இன்னைலருந்து வழக்கம்னு வச்சுக்கங்க" என்றார் மாமா. என் பெயரும் நட்சத்திரமும் மட்டும் சொல்லி நடந்தது. பால் பொங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். மிருணாளினி அழுதாள், அவள் எதற்கும் அழுவாள்.

எல்லாரும் பந்திக்குப் போன பிறகு வராந்தாவில் வந்து உட்கார்ந்தேன். கால் மரத்துப்போயிருந்தது. மாமா வந்து பக்கத்தில் நின்றார். சாப்பிடவில்லையா என்றேன். பசிக்கவில்லை என்றார். நேற்று ராத்திரியும் அவர் சாப்பிடவில்லை. அவருக்கு ஒரே பையன்.

ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"நேத்து அந்தக் குளிர்ல போனானே... ஸ்வெட்டர் போட்டிருந்தானா தாயி? நான் கவனிக்கல."

"போட்டிருந்தாரு மாமா" என்றேன்.

போட்டிருக்கவில்லை.